காற்றுக்குக் காத்திருந்தவர்கள்

படாளம் கூட்டுரோட்டிலிருந்து வேடந்தாங்கல் செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், சென்ற ஜூலைத் திங்களின் முதல் ஞாயிறன்று திருப்பலி காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. புனித தோமையாரின் திருநாள் அவ்வாரத்தில் வந்தமையால், பூசைக்குப் பின் வேப்பமர நிழலில் நடந்த ஞானோபதேச வகுப்பிலும் அவரைப் பற்றிய பாடமே நடந்தது. அவர் கி.பி. 52ஆம் ஆண்டில் கொடுங்கல்லூரில் வந்திறங்கினார் என்றும், பின்னர் மயிலாப்பூர்ப் பகுதியில் போதித்து, 72ஆம் ஆண்டில் பரங்கிமலையில் உயிர் நீத்தார் என்றும் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ள மரபை உபதேசியார் அழகாகவே எடுத்துரைத்தார்.

முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். வயது பத்துக்கு மேல் இராது.

"சார், அவ்வளவு தூரத்திலேர்ந்து அவரு எப்படி வந்தாரு?"

"கப்பலில் வந்தார் அம்மா."

"கப்பலுக்குக் காசு யார் குடுத்தாங்க? எங்க அப்பா குவைத்துக்குப் போறப்ப எங்க ஆயா கம்மலை அடகு வெச்சாங்க. அவருக்கு யார் அடகு வெச்சாங்க?"

பிள்ளைகள் சிரித்தனர். உபதேசியார் நம்மைப் பார்த்தார். "அடுத்த இதழில் எழுதிவிடுகிறோம்" என்று சொல்லி நாம் தப்பித்துக்கொண்டோம். ஆனால் அன்று மாலை கூட்டுரோட்டில் பேருந்துக்காக நின்றிருந்தபோதும் அக்கேள்வி நம்மை விடவில்லை. புனிதர்களின் வரலாற்றில் 'புறப்பட்டார்', 'வந்து சேர்ந்தார்' என்னும் இரு சொற்களை எவ்வளவு விரைவாக வாசித்துக் கடந்து விடுகிறோம்! அவ்விரு சொற்களுக்கும் இடையே மாதக்கணக்கில் நடையும் பசியும் கடனும் காத்திருத்தலும் இருந்தனவே. அவற்றைத்தான் இம்மாதம் வாசக அன்பர்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

கால்களே ஊர்தி

உரோமைப் பேரரசின் சாலைகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றுள் மூத்தது அப்பியா சாலை. கி.மு. 312இல் அப்பியுஸ் கிளவுதியுஸ் என்னும் அதிகாரியால் தொடங்கப்பெற்ற அச்சாலை, முதலில் உரோமையிலிருந்து கப்புவா நகர் வரையிலும், பிற்பாடு இத்தாலியின் தென்கிழக்குத் துறைமுகமாகிய பிரிந்திசி வரையிலும் நீண்டது. வீரன் ஒருவன் இடக்கால் ஆயிரம் முறை மண்ணில் பதியும்படி நடந்தால் அது ஒரு மைல். நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். அந்த அளவுக்கு ஒரு கல் நட்டுத் தொலைவு பொறித்தனர். மைல் என்னும் சொல்லே 'ஆயிரம்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

சாலை சிறந்ததாயினும் அதன்மீது சென்ற மக்களுள் பெரும்பாலோர்க்கு அவர்தம் கால்களே ஊர்தி. செல்வர் கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளில் சென்றனர். ஏழை எளியோர் நடந்தனர். ஒரு நாளில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நடந்தால் அது நல்ல நடை. ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் காவி உடுத்து, மாதாவின் கொடியேந்தி, நம் பகுதிச் சாலைகள் வழியே வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரைக் கேட்டுப் பாருங்கள். காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு, எந்த ஊரில் இரவு தங்கல் என்று அவர்கள் சொல்லும் கணக்கு, அந்த உரோமை வழிப்போக்கனின் கணக்கோடு பெரிதும் ஒத்திருக்கும்.

விரைந்து செல்லவும் ஒரு வழி இருந்தது. அகுஸ்து பேரரசர் அரசாங்கச் செய்திகளுக்கென்று ஓர் அஞ்சல் ஏற்பாட்டை அமைத்தார். சாலையோரத்தில் மாற்று விலங்குகளும் வண்டிகளும் தங்குமனைகளும் ஆயத்தமாக நிற்கும். ஆனால் அரச அனுமதிச் சீட்டு உள்ளவர்க்கு மட்டுமே அவை கிட்டும்.

இதைப் பற்றி ஒரு குடும்பச் செய்தி உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த பித்தினியா மாநிலத்தை ஆண்டவர் பிளினி என்பவர். அவருடைய மனைவி கல்புர்னியாவின் பாட்டனார் இத்தாலியில் இறந்துவிட்டார். துயரில் இருந்த தம் அத்தையிடம் உடனே செல்ல வேண்டும் என்று அம்மையார் துடித்தார். அரசுப் பணிக்கு மட்டுமே உரிய சீட்டைத் தம் மனைவிக்குக் கொடுத்து அனுப்பிவிட்ட பிளினி, பின்னர் மனம் பொறாமல், பேரரசர் திராயானுக்கு மடல் எழுதித் தம் செயலைத் தெரிவித்துக்கொண்டார். பேரரசரும் அது தக்கதே என்று மறுமொழி விடுத்தார். ஆளுநரின் மனைவி துக்க வீட்டிற்குச் செல்வதற்கே பேரரசர் வரையில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததெனில், சாதாரண மக்களுக்கு இழவுச் செய்தி வந்து சேர்வதற்குள்ளேயே எத்தனை நாள் கழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரவு எங்கே தங்குவது? சாலையோர விடுதிகள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் நல்ல பெயர் எடுக்கவில்லை; திருட்டு, சூது, அழுக்கு ஆகியவற்றுக்கு அஞ்சினர். ஆகவே கிரேக்கரும் உரோமையரும் ஊர்தோறும் விருந்துறவு வைத்திருந்தனர். ஒரு சிறு வில்லையை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை இவரும் மறு பாதியை அவரும் வைத்துக்கொள்வர். ஆண்டுகள் பல கழிந்து மகனோ பேரனோ அப்பாதியோடு வந்து நின்றால், இரு பாதிகளையும் பொருத்திப் பார்த்து வீட்டினுள் ஏற்பர். கிரேக்கத்தில் அயலானுக்கும் விருந்தினனுக்கும் ஒரே சொல் வழங்கிற்று. நம் தமிழிலோ 'விருந்து' என்னும் சொல்லுக்குப் 'புதுமை' என்பதே பழம்பொருள். புதிதாய் வந்தவனே விருந்தினன். கடல் பல கடந்த இரு நாட்டாரும் இச்செய்தியில் ஒன்றாகவே எண்ணியிருக்கின்றனர்.

தொடக்கத் திருச்சபையும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டது. புனித சின்னப்பர், அதாவது இன்று நாம் பவுலடியார் என்று வாசிக்கிறோமே அவர், உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதிப் பகுதியில் கெங்கிரேயாத் துறைமுகத் திருச்சபையில் பணிபுரிந்த பெபேயா என்னும் பெண்மணியை ஏற்று உதவும்படி கேட்டுக்கொள்கிறார். அத்திருமுகத்தை எடுத்துச் சென்றவரே அவர்தாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. தனியார் மடல்களைக் கொண்டு செல்ல அஞ்சல்காரர் எவரும் இல்லாத காலம் அது. அந்தத் திசையில் யார் பயணம் போகிறாரோ அவர் மடியில்தான் மடலும் போக வேண்டும். நாம் ஞாயிறுதோறும் கேட்கும் திருமுகங்கள் இவ்வாறு யாரோ ஒருவர் நடந்தும் கடல் கடந்தும் சுமந்து சென்றமையால் பிழைத்தவை.

சரக்கோடு சரக்காக

தரையில் வண்டி கட்டிப் பொருள் அனுப்புவதைவிடக் கடலில் அனுப்புவது மிகவும் மலிவு. ஆனால் பயணிகளுக்கென்று தனிக்கப்பல் கிடையாது. துறைமுகத்துக்குச் சென்று, 'இன்ன ஊருக்குப் போகும் கலம் உண்டா?' என்று விசாரித்து, சரக்குக் கப்பலில் இடம் பேசிக்கொள்ள வேண்டும். கோதுமை மூட்டைகளும் எண்ணெய்ச் சாடிகளும் கப்பலின் வயிற்றில் போகும். மனிதர் மேல்தளத்தில் வெயிலிலும் பனியிலும் படுத்துறங்குவர். உணவும் படுக்கையும் அவரவர் பொறுப்பு. புறப்படும் நாளை ஒருவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. காற்று வாய்க்க வேண்டும், நிமித்தமும் நன்றாயிருக்க வேண்டும். ஆகவே பயணிகள் துறைமுகத்தை விட்டு நகராமல், மூட்டை முடிச்சுகளோடு நாட்கணக்கில் காத்திருந்தனர்.

குளிர்காலத்தில் கடல் 'அடைக்கப்பட்டது' என்பர். நவம்பர் 11ஆம் நாள் முதல் மார்ச்சு 10ஆம் நாள் வரை கலம் செலுத்துதல் ஆகாது என்று வெகேசியுஸ் என்னும் உரோமை ஆசிரியர் எழுதி வைத்துள்ளார். மே இறுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரையே அச்சமின்றிச் செல்லத்தக்க காலம்.

அந்த எச்சரிக்கையை மீறினால் என்ன ஆகும் என்பதை அப்போஸ்தலர் பணி நூலின் இறுதி அதிகாரங்களில் காண்கிறோம். கைதியாக உரோமைக்கு அனுப்பப்பட்ட புனித சின்னப்பர், மீரா துறைமுகத்தில் அலெக்சாந்திரியாவின் தானியக் கப்பல் ஒன்றில் ஏற்றப்பட்டார். அதில் இருந்தோர் 276 பேர். காலம் கடந்துவிட்டது, இனிச் செல்வது ஆபத்து என்று அவர் எச்சரித்தார். அதற்கு முன்னரே மூன்று முறை கப்பற் சேதத்தில் சிக்கியவர் அல்லவா! நூற்றுவர் தலைவனோ மாலுமியின் சொல்லையே கேட்டான். புயல் எழுந்தது. பதினான்காம் இரவு வரை கடலில் அலைக்கழிந்து, கோதுமையைக் கடலில் எறிந்து, இறுதியில் கப்பல் உடைந்து, பலகைகளைப் பற்றிக்கொண்டு மால்தாத் தீவில் கரையேறினர்.

அங்கே அவர்களை வரவேற்றவர்கள் யார்? மொழி தெரியாத, மறை அறியாத தீவுவாசிகள். மழையிலும் குளிரிலும் நடுங்கி நின்ற 276 பேருக்கும் அவர்கள் தீ மூட்டிக் கொடுத்தனர். மூன்று மாதம் கழித்து, அங்கே குளிர்காலத்தைக் கழித்த வேறொரு கப்பலில் ஏறி, புத்தெயோலி துறைமுகத்தில் இறங்கியபோது சகோதரர்கள் அவரை ஏழு நாள் தங்கச் செய்தனர். உரோமையிலிருந்த சகோதரர்களோ அப்பியா சாலை வழியே நெடுந்தொலைவு நடந்து வந்து எதிர்கொண்டனர். அவர்களைக் கண்டதும் அவர் இறைவனுக்கு நன்றி கூறித் துணிவு கொண்டார் என்று நூல் சொல்கிறது. புயலுக்கு நடுவே பிறர்க்குத் துணிவூட்டியவரும், தம்மை எதிர்கொண்டு வரும் முகங்களைக் கண்டு துணிவு கொள்ள வேண்டியவராகவே இருந்தார்.

நம் கடலுக்கு வந்த வழி

இனி அந்த உலகிலிருந்து நம் நாட்டுக்கு வருவோம். மேலே சொன்ன பிளினியின் தாய்மாமன் பெயரும் பிளினியே. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த அவர், தம் பெருநூலில் இந்தியப் பயணத்தைக் கட்டம் கட்டமாக எழுதி வைத்துள்ளார்.

அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் நதி வழியே கொப்தோஸ் நகர்க்குப் படகில் 12 நாள். அங்கிருந்து ஒட்டகங்களில் பாலைவனம் கடந்து செங்கடல் துறைமுகமான பெரனிக்கே வரை 12 நாள். வெப்பம் தாளாமல் பகலில் தண்ணீர்ச் சாவடிகளில் படுத்துக் கிடந்து, இரவிலேயே பெரும்பாலும் பயணம். நடுக்கோடையில் கப்பலேறினால் அரேபியாவின் முனையிலுள்ள ஒக்கேலிஸ் சேர ஏறக்குறைய 30 நாள். அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்தால், சேரர் துறைமுகமாகிய முசிறிக்கு 40 நாள். கூட்டினால் 94 நாள். காத்திருந்த நாட்கள் இக்கணக்கில் சேரவில்லை. கடற்கொள்ளையருக்கு அஞ்சிக் கப்பலில் வில்வீரர் கூட்டமும் உடன் வந்தது.

திரும்புவதற்கும் காற்று வேண்டுமே! டிசம்பரிலோ, பிந்தினால் ஜனவரி நடுப்பகுதிக்குள்ளோ புறப்பட்டாக வேண்டும். அதுவரை யவனர் நம் மண்ணிலேயே தங்கிக் காத்திருந்தனர். வடகிழக்குப் பருவத்தில் வேடந்தாங்கலுக்கு நீர்ப்பறவைகள் வந்து இறங்குவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அப்பறவைகள் நம் ஏரிக்கு வரும் அதே பருவத்தில்தான் யவனக் கலங்கள் ஊர் திரும்பப் பாய் கட்டின.

இவ்வாறு எத்தனை கலங்கள் வந்தன? கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் எகிப்துக்குச் சென்றிருந்த ஸ்திராபோ என்னும் நிலவியல் ஆசிரியர், மியோஸ் ஹொர்மோஸ் என்ற துறைமுகத்திலிருந்து மட்டும் 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குச் சென்றன என்று குறித்துள்ளார்.

வந்தவர்கள் அவர்கள் மட்டும் அல்லர், நம்மவரும் சென்றனர். அதே மியோஸ் ஹொர்மோஸ் இருந்த இடமான குசேர் அல்-கதிமில் கிடைத்த பானை ஓடுகளில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. பெரனிக்கேயில் கொற்றபூமான் என்ற பெயர் பொறித்த ஓடு கிடைத்தது. அங்கேயே ஒரு கோயிலில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. சோறு பொங்கவோ தண்ணீர் வைக்கவோ தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்த அந்தச் சாத்தனுக்கும் ஊரில் ஒரு வீடு இருந்திருக்கும். அவன் வரும் பருவத்தை எண்ணிக்கொண்டு யாரேனும் இருந்திருப்பர்.

பாலாற்று முகத்தில்

இவையெல்லாம் எகிப்திலும் மலையாளக் கரையிலும் நடந்தவை, நமக்கென்ன என்று எண்ண வேண்டா. செங்கற்பட்டிலிருந்து படாளம் வருவோர் பாலாற்றுப் பாலத்தைக் கடந்துதான் வர வேண்டும். அந்தப் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில், வயலூரை அடுத்து, வசவசமுத்திரம் என்னும் சிற்றூர் உள்ளது. 1970ஐ ஒட்டித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தியது. உறைகிணறுகளும் செங்கற் கட்டடப் பகுதிகளும் வெளிப்பட்டன. அவற்றோடு, இரண்டு கைப்பிடியும் கூம்பிய அடியும் கொண்ட உரோமைச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. மத்தியதரைக் கடற்கரையிலிருந்து திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் கொண்டு வந்த சாடிகளின் இனம் அது. 1945இல் வீலர் என்னும் ஆங்கில அறிஞர் புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் கண்டவையும் இவ்வகையினவே.

முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டுக் கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய செங்கடல் வழிநூல், நம் கீழைக்கரையில் கமரா, பொதுக்கே, சோபத்மா என மூன்று துறைகளைக் குறிப்பிடுகிறது. அவற்றை முறையே காவிரிப்பூம்பட்டினம், அரிக்கமேடு, மரக்காணம் என்று அறிஞர் கருதுவர். இக்கரையிலிருந்து சேர நாடு வரை உள்நாட்டுக் கலங்கள் கரையோரமாகச் சென்று வந்தன என்றும் அந்நூல் கூறுகிறது. ஆகவே வசவசமுத்திரத்துச் சாடியை இறுதிக் கட்டத்தில் சுமந்து வந்தது நம் கடலோர மாலுமியின் கலமாகவே இருந்திருக்கலாம்.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை இப்பகுதி மக்களுக்கு நெருங்கிய நூல். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழிப்படுத்தும் அந்நூலைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினார். நீர்ப்பெயற்று என்னும் துறையும், இரவில் விளக்கேற்றிக் கலங்களைக் கரைக்கு அழைத்த உயர்ந்த மாடமும் அதில் வருகின்றன. அத்துறை மாமல்லபுரமே என்பர் சிலர். வசவசமுத்திரம் என்பர் வேறு சிலர். எதுவாயினும் நம் கரைதான்.

அந்நூல் காட்டும் தரைவழிப் பயணத்தையும் பாருங்கள். உப்பு வணிகரின் மாட்டுவண்டிகள் வரிசையாகப் போகின்றன. கைக்குழந்தையை உடைய தாய் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். வண்டியில் காடிப்பானை தொங்குகிறது. மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர் கூட்டம் நடக்கிறது. சுங்கம் பெறும் பெருவழியை வில்வீரர் காவல் காக்கின்றனர். சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் சென்ற மாட்டுவண்டி வரிசைகளைக் கண்ட படாளத்துப் பெரியவர்களுக்கு இக்காட்சி புதிதாய்த் தோன்றாது. இன்னும் சிறப்பான செய்தி ஒன்றுண்டு. வேடர் குடியிருப்பில் என்ன உண்ணலாம், ஆயர் வீட்டில் என்ன கிடைக்கும், உழவர் என்ன தருவர், வலைஞர் என்ன படைப்பர், அந்தணர் இல்லத்தில் என்ன விருந்து என்று ஊர் ஊராகச் சொல்லிப் பாணனை அனுப்புகிறார் புலவர். பசியோடு வரும் வழிப்போக்கனுக்கு ஒவ்வொரு குடியும் ஏதேனும் தரும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது.

அடகு வைத்தது யார்?

சிறுமியின் கேள்விக்கு வருவோம். அக்காலக் கடற்பயணத்துக்குப் பணம் யார் கொடுத்தனர் என்பதற்கு ஓர் அரிய சான்று வியன்னா நகரில் உள்ளது. 1985இல் வெளியிடப்பட்ட ஒரு பாபிரசுத் தாள் அது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்தை ஒட்டிய கடன் உடன்படிக்கை. மறுபக்கத்தில் ஹெர்மப்பொல்லோன் என்னும் கப்பல் ஏற்றிவந்த நறுமணப் பொருள், யானைத் தந்தம் முதலிய சரக்குகளின் மதிப்பு. திரும்பி வந்தபின் சரக்கை நம்பிக்கையான ஒட்டகக்காரனிடம் ஒப்படைத்துக் காவலோடு கொப்தோஸ் வரை சேர்ப்பேன் என்றும், ஆற்றுவழியே அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுசென்று கிடங்கில் வைப்பேன் என்றும் கடன் வாங்கியவன் உறுதி சொல்கிறான். அரசுக்கு அதில் நான்கில் ஒரு பங்கு வரி வேறு. கம்மலுக்குப் பதில் சரக்கையே ஈடு காட்டினர். கடனின் சுமை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.

அப்படியெனில் தோமையார் எவ்வாறு வந்தார்? இங்கே நாம் கவனமாகப் பேச வேண்டும். மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுந்த 'தோமையார் பணி' என்னும் நூல் ஒன்றுண்டு. அது திருமறை நூல்களுள் ஒன்றன்று, கற்பனை மிகுந்தது. அந்நூலில் தோமையார் இந்தியா செல்ல மறுக்கிறார். அப்போது ஆண்டவரே, இந்திய அரசன் கொந்தோபரஸ் அனுப்பிய ஹப்பான் என்னும் வணிகனிடம் அவரை அடிமையாக விற்றுவிடுகிறார். தச்சும் கட்டடமும் அறிந்த தொழிலாளியாக, வணிகனின் பொறுப்பில், வணிகனின் கப்பலில் அவர் வருகிறார். அவ்வரசன் கற்பனைப் பாத்திரம் அல்லன். முதல் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட அவனுடைய காசுகள் கிடைத்துள்ளன.

வசவசமுத்திரத்துச் சாடித் துண்டு தோமையாரின் வருகைக்குச் சான்று என்று நாம் சொல்ல மாட்டோம். அவ்வாறு சொல்வது நம்பிக்கைக்கும் நன்மை செய்யாது, வரலாற்றுக்கும் நன்மை செய்யாது. அவர் வந்தார் என்பது நம் திருச்சபையின் பழமையான மரபு; அதை அன்போடு போற்றுகிறோம். தொல்லியல் நமக்குச் சொல்வது வேறொன்று: அவர் வந்ததாகச் சொல்லப்படும் அந்த ஆண்டுகளில் வழி திறந்திருந்தது. அலெக்சாந்திரியாவில் விசாரித்தால் முசிறிக்குப் போகும் கப்பலைக் காட்ட ஆள் இருந்தது. காற்றின் மாதத்தை மாலுமிகள் அறிந்திருந்தனர். அவ்வழியே வணிகர், மாலுமி, அடிமை, தச்சர், வில்வீரர் என்று எத்தனையோ பேர் வந்தனர். ஒரு திருத்தூதர் வருவதற்குத் தனியாக அற்புதம் ஒன்றும் தேவைப்படவில்லை. இடம் தர ஒரு கப்பற்காரனும், தண்ணீர் தர ஒரு பாலைவனச் சாவடியும், கதவைத் திறக்க ஒரு வீடும் இருந்தால் போதுமாயிருந்தது.

ஆகவே, சின்ன அம்மா, உன் கேள்விக்கு நமது விடை இதுதான். தோமையாருக்காகக் கம்மலை அடகு வைத்தவர் யார் என்று ஒரு நூலும் பெயர் சொல்லவில்லை. ஆனால் அக்காலத்தில் எவரும் தம் ஒருவர் பலத்தில் கடல் கடந்ததில்லை. கடன் கொடுத்தவர், ஒட்டகம் ஓட்டியவர், பாய் கட்டியவர், மாடத்தில் விளக்கேற்றியவர், தீ மூட்டிக் கொடுத்தவர் எனப் பலர் சேர்ந்தே ஒருவரைக் கரை சேர்த்தனர். உன் ஆயாவும் அவ்வரிசையில் ஒருவர். உன் தந்தை இருக்கும் குவைத்தும், யவனர் கலங்கள் கடந்து வந்த அரபு நாட்டுக் கரைகளும் ஒரே கடலின் பக்கத்தவைதாம். அவர் இறங்கிய ஊரில் அவருக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்தவர் எவராயினும், அவருக்காகவும் இன்றிரவு செபமாலையில் ஒரு மணி சேர்த்துச் சொல்.

பெரியவர்களுக்கு ஒரு சொல். மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்கும் நம் பகுதிக் கட்டட வேலைகளுக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இளைஞர்கள் வந்து தங்கியுள்ளனர். அவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு. அவர்கள் ஊரிலும் யாரோ ஓர் ஆயா எதையோ அடகு வைத்துத்தான் அனுப்பியிருப்பார். ஞாயிறு பூசையில் மொழி புரியாமல் கடைசி வரிசையில் நின்று, முடிந்தவுடன் ஓசையின்றிப் போய்விடும் முகங்களை நாமும் கண்டதுண்டு. நாம் அவர்களிடம் அந்தப் பாதி வில்லையைக் கேட்க வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அவர்களை நிறுத்தி, பெயரைக் கேட்டு, ஒரு வேளை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடலாம்.

அன்று மாலை நமது பேருந்து ஒரு மணி நேரம் தாமதித்தே வந்தது. வழக்கமாக முணுமுணுப்போம். அன்று முணுமுணுக்கவில்லை.